எங்கே கிரீஸ், எங்கே எண்ணெய், எங்கே எதுவுமில்லை: ரைபிள் மசகு பற்றிய ஓர் ஆய்வு

ரைபிள் ஒன்றைப் பிரித்துத் துடைத்து மீண்டும் பூட்டும்போது எந்த உறுப்புக்கு கிரீஸ் தடவ வேண்டும், எதற்கு மெல்லிய எண்ணெய் போதும், எதை உலர்ந்தபடியே விட வேண்டும் என்ற கேள்விக்கு, துப்பாக்கி பழுதுபார்ப்போரிடமும் இலக்குச் சுடும் போட்டியாளர்களிடமும் ஒரே விடை நிலவியதில்லை. விவாதம் பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் கிரீஸ் சிறந்தது என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. ஆனால் கடந்த ஒரு நூற்றாண்டில் படைத்துறைகள் நடத்திய சோதனைகளையும் வெளியிட்ட கையேடுகளையும் சேர்த்துப் பார்த்தால், கிரீஸின் பெயரைவிட அது இடப்படும் இடமும் இடப்படும் அளவுமே துப்பாக்கியின் நடத்தையைத் தீர்மானித்திருக்கின்றன என்பது தெளிவாகிறது. தவறான டப்பாவைத் திறந்ததால் கெட்ட துப்பாக்கிகளைவிட, தவறான இடத்தில் தடவியதால் கெட்டவையே அதிகம் என்று கருத இடமுண்டு.

கிரீஸ் என்பது தடித்த எண்ணெய் என்ற பொதுவான எண்ணம் முழுச் சரியன்று. அது மூன்று கூறுகளின் சேர்க்கை: உராய்வைக் குறைக்கும் வேலையைச் செய்யும் அடிப்படை எண்ணெய், அந்த எண்ணெயைத் தன் நுண்ணிழை வலைக்குள் பிடித்துவைத்திருக்கும் கெட்டிப்பொருள், துருவையும் தேய்மானத்தையும் தடுக்கச் சிறிதளவு சேர்க்கப்படும் துணைப்பொருள்கள். கெட்டிப்பொருள் பெரும்பாலும் ஓர் உலோகச் சோப்பாக இருக்கும். கால்சியம், சோடியம், லித்தியம், அலுமினியம் ஆகியவற்றின் சோப்புகள் வழக்கமானவை. சோப்புக்குப் பதிலாக பென்டோனைட் என்னும் களிமண்ணைச் சேர்த்துச் செய்யும் வகையும் உண்டு. சோடியம் சோப்பு கிரீஸ் நீர் பட்டால் கரையும். கால்சியம் சோப்பு நீரை எதிர்த்து நிற்கும், ஆனால் அதன் பழைய வகை ஏறத்தாழ 100 பாகை செல்சியஸை நெருங்கும்போதே உருகி ஒழுகத் தொடங்கும். 1940களில் பரவிய லித்தியம் சோப்பு இரண்டையும் ஓரளவு ஒருசேரத் தாங்கும். களிமண் கிரீஸுக்கு உருகுநிலை என்று ஒன்று இல்லை. கெட்டித்தன்மையை அளக்க அமெரிக்க கிரீஸ் உற்பத்தியாளர் சங்கம் வகுத்த, சுருக்கமாக என்.எல்.ஜி.ஐ. எனப்படும் தர எண்கள் உலகெங்கும் வழக்கில் உள்ளன. 25 பாகை வெப்பத்தில், 60 முறை கடைந்த கிரீஸுக்குள் ஒரு கூம்பு ஐந்து விநாடியில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் அளந்து அந்த எண் தரப்படுகிறது. 265 முதல் 295 வரை இறங்கினால் 2ஆம் தரம். 310 முதல் 340 வரை இறங்கினால் 1ஆம் தரம். 355க்கு மேல் இறங்கினால் 0 அல்லது அதனினும் இளகிய தரங்கள். கார்ச் சக்கரங்களுக்குரிய சாதாரண கிரீஸ் 2ஆம் தரம். ரைபிளுக்கும் அதுவோ, ஒரு படி இளகிய 1ஆம் தரமோ பொருந்தும்.

சக்கரத்தின் தாங்குருளைக்கும் ரைபிளின் போல்ட்டுக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உள்ளது. ஜெர்மானியப் பொறியாளர் ரிச்சர்ட் ஸ்ட்ரைபெக் 1902ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகள், மசகின் நடத்தை வேகத்தைப் பொறுத்து மாறுவதைக் காட்டின. உறுப்பு ஒரே திசையில் வேகமாகச் சுழலும்போது எண்ணெய் தானே இடையில் புகுந்து இரு பரப்புகளையும் முழுமையாகப் பிரித்துவிடுகிறது. மெதுவாக நகரும்போதோ நின்று கிளம்பும்போதோ அப்படலம் அறுந்து, உலோகத்தின் மேடுகள் ஒன்றையொன்று தொடுகின்றன. இந்த இரண்டாம் நிலையை எல்லை மசகு என்பர். ரைபிளின் போல்ட் முன்னும் பின்னும் சில அங்குலமே ஓடி ஒவ்வொரு முனையிலும் நிற்கிறது. அதன் பூட்டுக்காதுகளோ, அதாவது சுடும்போது போல்ட்டை இறுகப் பிடித்திருக்கும் புடைப்புகளோ, மிகுந்த அழுத்தத்தின்கீழ் ஒரு சிறு கோணம் மட்டுமே திரும்புகின்றன. எனவே ரைபிளில் முழுப் படலம் உருவாவது அரிது. எல்லை மசகே பெரும்பாலும் ஆட்சி செய்கிறது. இதனால்தான் எண்ணெயின் தடிமனைவிட, உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும் துணைப்பொருள்களும், மாலிப்டினம் டைசல்பைடு போன்ற தட்டடுக்குத் திடப்பொருள்களும் இங்கே முக்கியத்துவம் பெறுகின்றன; இட்ட இடத்தை விட்டு நகராமல் நிற்கும் கிரீஸின் இயல்பும் இங்கேதான் எண்ணெயை வெல்கிறது.

இந்தக் கோட்பாடு ஒரு படைத்துறைச் சிக்கலாக உருவெடுத்ததை எம்1 காரண்ட் ரைபிளின் வரலாறு காட்டுகிறது. ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையில் ஜான் காரண்ட் வடிவமைத்து, 1936இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட இந்த எட்டுத் தோட்டாத் தற்சுமை ரைபிளில், சுடுகுழலின் முனைக்கருகே உள்ள சிறு துளை வழியே வெளிவரும் வாயு ஒரு நீண்ட இயக்குதண்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அத்தண்டின் பின்பகுதியிலுள்ள மேட்டின் உட்புறத்தில் வளைந்த ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். போல்ட்டின் வலப்பக்கக் காது அப்பள்ளத்துக்குள் அமர்ந்திருக்க, தண்டு பின்னோக்கிப் பாயும்போது பள்ளத்தின் சாய்வு அந்தக் காதை மேலே தூக்கிப் போல்ட்டைத் திருப்பிப் பூட்டவிழ்க்கிறது. ஒரு சிறு பரப்பில், கண்ணிமைக்கும் நேரத்தில், பெரிய விசை சறுக்கலாக மாறும் இடம் அது. மெல்லிய எண்ணெய் இருந்தவரை அனைத்தும் ஒழுங்காக நடந்தது. தொடர்ந்து பெய்யும் மழையில் சுட்டபோதோ, அந்த எண்ணெய் கழுவப்பட்டு, வெறும் எஃகும் எஃகும் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டன. போல்ட்டைக் கையால் திறக்க முடியாமல் போயிற்று. ஆயுதத்துறை அதிகாரி ஜூலியன் ஹாட்சர் 1948இல் வெளியிட்ட காரண்ட் பற்றிய நூலில் இச்சிக்கலும் அதற்குக் கண்ட தீர்வும் பதிவாகியுள்ளன. லூப்ரிபிளேட் 130-ஏ என்னும் கால்சியம் வகை கிரீஸை அப்பள்ளத்திலும் காதிலும் தடவியபோது, மழையிலும் ரைபிள் தடையின்றி இயங்கியது. தீர்வாக வந்தது புதுக் கண்டுபிடிப்பு ஏதுமன்று, கடையில் கிடைத்த ஒரு தொழிற்சாலை கிரீஸ்தான் என்பது குறிப்பிடத்தக்கது. நீரில் கரையாமை, இடம்விட்டு நகராமை என்ற இரு இயல்புகளே அங்கே தேவைப்பட்டன. பின்னர் இந்த கிரீஸ் சிறு டப்பாக்களில் வீரர்களுக்கே வழங்கப்பட்டு, துப்பாக்கிக் கட்டையின் அடிக்குழியில் துப்புரவுக் கருவிகளோடு இடம்பிடித்தது.

எம்1 ரைபிளைப் பூட்டும்போது கிரீஸ் கேட்கும் இடங்கள் அனைத்தும் இதே தர்க்கத்தால் விளங்குகின்றன. போல்ட்டின் இரு காதுகளும் அவை அமரும் ரிசீவர் பள்ளங்களும் (ரிசீவர் என்பது சுடுகுழலையும் போல்ட்டையும் தாங்கும் உடற்பகுதி), இயக்குதண்டின் வளைபள்ளமும், தண்டு ஓடும் பக்கக் காடியும், சுடுகுழலின் அடிப்பக்கத்தில் தண்டு உரசும் பகுதியும், போல்ட் பின்வாங்கும்போது தேய்த்துச் செல்லும் சுத்தியலின் தலையும் அவற்றுள் அடங்கும். பழகிய கை ஒன்று, துடைத்த ரைபிளில் முலாம் தேய்ந்து பளபளக்கும் இடங்களைக் கண்டே இப்பட்டியலைச் சொல்லிவிடும். பளபளப்பு உள்ள இடத்தில் உராய்வு உண்டு, அங்கே கிரீஸ் வேண்டும் என்பது பணிமனை வழக்கு. 1957இல் இதன் வழித்தோன்றலாக ஏற்கப்பட்ட எம்14 ரைபிளில், போல்ட்டின் காதில் ஓர் உருளை சேர்க்கப்பட்டுச் சறுக்கல் உருளலாக மாற்றப்பட்டது. ஆயினும் அவ்வுருளைக்குள் கிரீஸைச் செலுத்தத் தனிக் கருவி ஒன்று தேவைப்பட்டது. மேலே எவ்வளவு பூசினாலும் உள்ளே போகாவிட்டால் பயனில்லை.

எம்1இன் வாயு உருளையையும் அதனுள் ஓடும் தண்டின் முனையையும் கையேடுகள் உலர்ந்தே விடச் சொல்கின்றன. எரிந்த வெடிமருந்தின் சூடான வாயு நேராகப் பாயும் அந்த இடத்தில் எண்ணெயோ கிரீஸோ இருந்தால் அது கரியாகக் கெட்டித்து, துடைக்கவே கடினமான படிவாக மாறும். தோட்டாவின் பின்புறத்தில் அடிக்கும் ஊசியும் அது ஓடும் குழியும் இதே காரணத்தோடு இன்னொரு காரணத்தாலும் உலர்ந்திருக்க வேண்டும்: குளிரில் கிரீஸ் தடித்தால் ஊசியின் வேகம் குறைந்து, தோட்டா வெடிக்காமலே போகலாம். விசையின் கொக்கிப் பரப்புகளைப் பொறுத்தவரை கருத்துகள் வேறுபடுகின்றன. படைத்துறை ரைபிள்களில் மெல்லிய பூச்சு வழக்கம். நுண்மையாகத் திருத்தப்பட்ட போட்டித் துப்பாக்கி விசைகளைச் செய்வோர் பலர் எதையும் இட வேண்டாம் என்கின்றனர், ஏனெனில் தூசியைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பிசுபிசுப்பே அங்கே விசையின் எடையை மாற்றப் போதுமானது. இதில் செய்தவர் சொல்வதைக் கேட்பதே தகும்.

கிரீஸ் கூடாத இடங்களுள் மிக முக்கியமானது தோட்டா அறை. சுடும்போது பித்தளைக் கூடு விரிந்து அறையின் சுவரைப் பற்றிக்கொள்கிறது. வாயுவின் பின்தள்ளலில் ஒரு பகுதியை அந்தப் பற்றே தாங்குகிறது. சுவரில் கிரீஸ் இருந்தால் பற்று நழுவி, முழுச் சுமையும் போல்ட்டின் காதுகள்மீது விழுகிறது. இன்னும் நுட்பமான ஆபத்தொன்றை 1921ஆம் ஆண்டின் அமெரிக்கத் தேசியப் போட்டிகள் வெளிக்கொணர்ந்தன. அக்காலக் குப்ரோ-நிக்கல் உறையிட்ட குண்டுகள் சுடுகுழலில் உலோகக் கட்டிகளை விட்டுச்செல்ல, அதைத் தவிர்க்கப் போட்டியாளர்கள் தோட்டாவின் முனையை மோபிலூப்ரிகன்ட் என்னும் கிரீஸில் தோய்த்துச் சுடும் பழக்கம் கொண்டிருந்தனர். அவ்வாண்டு போட்டிக்கென வழங்கப்பட்ட குண்டுகளுக்கு அதே நோக்கத்தோடு வெள்ளீயப் பூச்சு இடப்பட்டிருந்தது. காலப்போக்கில் அந்த வெள்ளீயம் கூட்டின் கழுத்தோடு இறுக ஒட்டிக்கொண்டது. இதன்மேல் கிரீஸும் சேர்ந்தபோது, கழுத்து விரிந்து குண்டை விடுவிக்க வேண்டிய இடைவெளியை கிரீஸ் அடைத்துக்கொள்ள, அழுத்தம் அபாயகரமான அளவுக்கு உயர்ந்தது. தனித்தனியே பெருந்தீங்கு விளைக்காத இரண்டு நல்லெண்ணங்கள் ஒரே தோட்டாவில் சந்தித்ததன் விளைவு அது.

ஆயினும் தோட்டாவுக்கு மசகிடுவதே சில இயந்திரங்களின் இயல்பாக இருந்ததையும் விட்டுவிட முடியாது. ஆஸ்திரிய-ஹங்கேரியின் ஷ்வார்ஸ்லோசே இயந்திரத் துப்பாக்கி, அழுத்தம் முற்றும் இறங்குமுன்னே கூட்டை வெளியே இழுக்கும் அமைப்புடையதாதலால், ஒவ்வொரு தோட்டாவுக்கும் எண்ணெய் தெளிக்க உள்ளேயே ஒரு பம்பைக் கொண்டிருந்தது. இத்தாலியின் பிரெடா 30உம் ஜப்பானின் 11ஆம் வகை இலகு இயந்திரத் துப்பாக்கியும் எண்ணெயிட்ட தோட்டாக்களையே நம்பின; மணலும் புழுதியும் நிறைந்த களங்களில் அந்த எண்ணெய் எதைச் சேர்த்துக்கொண்டது என்பதை ஊகிப்பது கடினமன்று. காரண்டின் போட்டியாளரான ஜான் பெடர்சன் தம் .276 அங்குல ரைபிளுக்கு எண்ணெய்க்குப் பதிலாகத் தோட்டாக்களின்மேல் உலர்ந்த மெல்லிய மெழுகுப் பூச்சை வகுத்தார்; தொட்டால் ஒட்டாத அப்பூச்சு பொறியியல் அளவில் ஒரு நேர்த்தியான விடையே. எனினும் தனக்கெனத் தயாரித்த தோட்டாவன்றி வேறெதையும் ஏற்காத துப்பாக்கியைப் படைத்துறை தயக்கத்தோடு பார்த்ததில் வியப்பில்லை. துப்பாக்கி மசகின் வரலாற்றில் இந்தியாவுக்குரிய பக்கமும் தோட்டாவைப் பற்றியதே. 1853ஆம் ஆண்டு வகை என்ஃபீல்டு ரைபிளின் காகிதத் தோட்டாவுக்கு இடப்பட்ட கொழுப்பு எந்த விலங்கினுடையது என்ற ஐயம், 1857 ஜனவரியில் டம்டமில் எழுந்து மே மாதம் மீரட்டில் வெடித்தபோது, வெள்ளைய அதிகாரிகள் தாங்களே எண்ணெயும் தேன்மெழுகும் கலந்து பூசிக்கொள்ளலாம் என்று சிப்பாய்களுக்கு அளித்த அனுமதி காலம் கடந்ததாயிற்று. மசகின் சேர்மானம் வெறும் வேதியியல் விவரமாக இல்லாமற்போன தருணம் அது.

இதுவரை சொல்லப்பட்டவை இயங்கும் உறுப்புகளைப் பற்றியவை. பூட்டியபின் அசையவே கூடாத மரைகளுக்கும் கிரீஸ் தேவைப்படுவது முதற்பார்வையில் முரணாகத் தோன்றலாம். ஒரு நட்டை முறுக்கும்போது செலுத்தும் முயற்சியில் ஏறத்தாழ பாதி நட்டின் முகப்பு உராய்விலும், நாற்பது விழுக்காடு மரையின் உராய்விலும் செலவாகி, எஞ்சும் பத்து விழுக்காடே இரு உறுப்புகளையும் இழுத்துப் பிடிக்கும் இறுக்கமாக மாறுகிறது. உலர்ந்த மரையில் இந்த உராய்வு இடத்துக்கு இடம் மாறுவதால், முறுக்களவி காட்டும் எண் உண்மையான இறுக்கத்தைச் சொல்வதில்லை. சீரான கிரீஸ் உராய்வைக் குறைத்து நிலைப்படுத்துவதால் எண்ணுக்குப் பொருள் கிடைக்கிறது. இதன் மறுபக்கமும் கவனத்துக்குரியது: உலர்மரைக்கென வகுத்த முறுக்கு எண்ணை கிரீஸிட்ட மரையில் அப்படியே செலுத்தினால், இறுக்கம் ஒன்றரை மடங்குக்கும் மேலாக உயர்ந்து மரை இழுபட்டுப் போகக்கூடும். கையேடு எந்த எண்ணைத் தருகிறது என்பதோடு, எந்த மசகோடு தருகிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டியது இதனால்தான்.

எம்16 வகை ரைபிளின் சுடுகுழல் நட்டு இதற்கு மிகச் சரியான எடுத்துக்காட்டு. அதன் ரிசீவர் 7075 வகை அலுமினியக் கலவை, நட்டோ எஃகு. அமெரிக்கப் படைக் கையேடு அந்த மரைகளுக்கு மாலிப்டினம் டைசல்பைடு கலந்த, எம்.ஐ.எல்.-ஜி-21164 என்ற விவரக்குறிப்புக்கு உட்பட்ட கிரீஸை இடச் சொல்கிறது. நட்டை இறுக்கித் தளர்த்தும் செயலை மூன்று முறை செய்து மரைகளை ஒன்றோடொன்று படியவைத்த பிறகே இறுதியாக முறுக்க வேண்டும். குறைந்தது 30 அடி-பவுண்டு, மிகுந்தது 80 அடி-பவுண்டு, அதாவது ஏறத்தாழ 41 முதல் 108 நியூட்டன் மீட்டர் வரை. வரம்பு இவ்வளவு அகன்றிருப்பதற்குக் காரணம் எளியது: வாயுக்குழாய் நட்டின் பல்லிடுக்கு வழியே செல்ல வேண்டும், எனவே குறைந்த அளவை எட்டிய பிறகு அடுத்த இடுக்கு குழாய்த்துளைக்கு நேராக வரும்வரை முறுக்கிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. கிரீஸ் இல்லாமல் இதைச் செய்தால், மென்மையான அலுமினிய மரையை எஃகு பிராண்டிவிடும். மேலும் ஈரம் படும்போது அலுமினியமும் எஃகும் ஒரு மின்கலத்தின் இரு தகடுகளைப் போல நடந்துகொண்டு அலுமினியம் அரிக்கப்படுகிறது. கிராஃபைட் கலந்த மசகு இந்த அரிப்பை மேலும் தூண்டுவதால், பிற இடங்களில் நல்ல மசகான கிராஃபைட் இங்கே விலக்கப்பட்டிருக்கிறது. மரை இறுகிக்கொள்ளாமல் இருக்கத் தொழிற்சாலைகளில் தடவும் பசைகளுள் சில கிராஃபைட் கொண்டவை என்பதால், டப்பாவின் மேலுள்ள சேர்மானக் குறிப்பைப் படிக்காமல் கைக்குக் கிடைத்ததை எடுப்பது சரியன்று. அதே ரைபிளில் தொலைநோக்கியைத் தாங்கும் சிறு திருகாணிகளுக்கு, அவை தளராமல் ஒட்டிப்பிடிக்கும் மரைப்பசை இட வேண்டியிருந்தால், அங்கே கிரீஸின் சுவடும் இருக்கலாகாது.

காலநிலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1950 நவம்பர், டிசம்பரில் கொரியாவின் சோசின் நீர்த்தேக்கத்தருகே நடந்த போரில், சாதாரண மசகுகள் உறைந்து ஆயுதங்கள் மந்தமாயின. அத்தகைய குளிருக்கு கிரீஸை முற்றும் துடைத்துவிட்டு, அதற்கென வகுத்த மெல்லிய ஆர்க்டிக் எண்ணெயை அளவாக இடுவதே நெறி. புழுதியைப் பற்றிய கருத்துதான் மாறியிருக்கிறது. மணல் ஒட்டிக்கொண்டு அரம்போலத் தேய்க்கும் என்பதால் பாலைநிலத்தில் உலர்ந்த துப்பாக்கியே நல்லது என்பது நெடுநாள் நம்பிக்கை. அமெரிக்காவின் அபர்டீன் சோதனைத்தளத்தில் 2007இல் நடந்த புழுதிச் சோதனையில், நான்கு வகை ரைபிள்களிலும் வகைக்குப் பத்து வீதம் எடுத்து, தாராளமாக மசகிட்டே ஒவ்வொரு வகைக்கும் 60,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. எம்4 வகை 882 முறையும் எக்ஸ்எம்8 வகை 127 முறையும் தடைபட்டன. செய்தியாக்கப்பட்டது இந்த வேறுபாடே ஆயினும், புழுதியிலும் மிகுதியாக மசகிடுவதையே படைத்துறை தன் சோதனை முறையாகக் கொண்டது என்பது மசகாய்வாளருக்கு அதைவிட முக்கியமானது. ஆனால் அங்கே இடப்பட்டது எண்ணெய். அந்த முடிவை கிரீஸுக்கும் நீட்டிப்பதற்கு அச்சோதனை இடம் தரவில்லை.

இன்றைய நிலையில் எம்1 போன்ற ஒரு பழைய ரைபிளைப் பூட்டுபவருக்கு, துப்பாக்கிக்கென்றே விற்கப்படும் விலையுயர்ந்த குப்பிகளுக்கும், நீரை எதிர்க்கும் நல்ல தொழிற்சாலை கிரீஸுக்கும் இடையே பெரிய வேறுபாடு புலப்படாது. 1ஆம் அல்லது 2ஆம் தரம், கால்சியம் அல்லது லித்தியம் சோப்பு, துருத்தடுப்பு உண்டு என்ற மூன்றும் பொருந்தினால் போதுமானது. தேய்மானம் மிகுந்த காதுகளுக்கு மாலிப்டினம் டைசல்பைடு கலந்தது கூடுதல் நன்மை தரும், துணியைக் கறுப்பாக்கும் என்பதொன்றே அதன் குறை. தேர்வைவிட முன்தயாரிப்பே அதிக உழைப்பைக் கேட்கிறது. நெடுநாள் கிடங்கில் கிடந்த ரைபிள்கள் காஸ்மோலின் என்னும் பழுப்பு நிறப் பெட்ரோலியப் பசையில் தோய்ந்திருக்கும். அது துருவைத் தடுக்கும் பூச்சேயன்றி மசகன்று. அறையிலோ ஊசிக்குழியிலோ எஞ்சியிருந்தால் அதுவே தீங்கு. மிதமான வெப்பத்திலேயே இளகுவதாலும் மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான்களில் கரைவதாலும், உறுப்புகளைப் பிரித்துச் சூடேற்றித் துடைத்து, கரைப்பானால் கழுவி உலர்த்திய பிறகே புது கிரீஸ் இட வேண்டும்.

பழைய கிரீஸின்மேல் புதியதைப் பூசும் பழக்கமும் விலக்கத்தக்கது. வெவ்வேறு கெட்டிப்பொருள்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. களிமண் கிரீஸும் லித்தியம் கிரீஸும் கலந்தால், இரண்டில் எதுவும் தனியே இளகாத வெப்பத்திலும் கலவை இளகி ஒழுகிவிடக்கூடும். இடும் அளவு, உலோகத்தின் நிறம் படலத்தினூடே தெரியும் அளவுக்கு மெல்லியதாக இருந்தால் போதும். சிறு தூரிகையின் நுனியாலோ பல்குத்தும் குச்சியாலோ தொட்டு வைத்து, போல்ட்டைச் சில முறை முன்னும் பின்னும் இயக்கி, பக்கங்களில் பிதுங்கி வருவதைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டது முதற்சூட்டிலேயே சுடுபவரின் முகத்திலும் தோட்டா அறையின் வாயிலும் தெறிக்கும். கட்டையின் மரத்தில் பட்டதையும் உடனே துடைப்பது நல்லது, ஏனெனில் கனிம எண்ணெய் ஊறிய மரம் நாளடைவில் மென்மையாகி, ரிசீவர் அமரும் இடம் தளர்ந்துவிடுகிறது. மரத்துக்கு உரியது ஆளிவிதை எண்ணெய்.